புஷ்ரேஞ்சர் கதை எழுத உட்காருபவருக்கு ட்ரோவ் எவ்வளவு கைகொடுக்கும்?

ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் 2009இல் தொடங்கிய இணையத்தளம் ட்ரோவ். 1803இல் வெளிவரத் தொடங்கிய சிட்னி கெஜட் முதல், பெரும்பாலும் 1954 வரையிலான செய்தித்தாள்களை அதில் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கட்டணம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து திறந்தாலும் தடை இல்லை. நெட் கெல்லி, பென் ஹால், கேப்டன் தண்டர்போல்ட் போன்ற புஷ்ரேஞ்சர்களை, அதாவது ஆஸ்திரேலியக் காட்டுப்புற வழிப்பறிக்காரர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கோ பெரியவர்களுக்கோ தமிழில் எழுத நினைக்கும் ஆசிரியர்கள், பெற்றோர், எழுத்தாளர்கள் ஆகியோரின் தேவையை மட்டும் மனத்தில் வைத்து இந்தத் தளத்தை மதிப்பிட்டிருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் இதை மட்டும் நம்பி எழுதினால் கதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

முதல் தேடலிலேயே பலர் சோர்ந்துபோவதுண்டு. தேடல் பெட்டியில் கெல்லியின் பெயரை அடித்தவுடன் முடிவுகள் மலையாகக் குவியும். அவற்றில் பெரும்பகுதி 1900க்குப் பிறகு வந்த பழைய நினைவுக் கட்டுரைகள்: 'அன்று நான் அங்கே இருந்தேன்' என்று முதியவர்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துச் சொன்னவை. படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் தேதி, எண்ணிக்கை, யார் எங்கே நின்றார் என்பதற்கெல்லாம் அவற்றை நம்பக்கூடாது. ஆகவே முதல் வேலை, விரிவான தேடல் பக்கத்துக்குப் போய்த் தேதியைச் சுருக்குவது. காவலர்கள் கெல்லி கும்பலை வளைத்த கிளென்ரோவன் முற்றுகைக்கு 1880 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை போதும். பென் ஹாலின் சாவுக்கு 1865 மே மாதம் போதும். அடுத்து, பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் இடவேண்டும். இல்லாவிட்டால் நெட் ஒரு பத்தியிலும் கெல்லி வேறொரு பத்தியிலும் இருக்கும் சந்தை விலைப் பட்டியல்கூட முடிவில் வந்து நிற்கும்.

மூன்றாவது, அந்தக் காலத்துப் பேச்சைக் கற்றுக்கொள்வது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 1860களின் செய்தியாளர் கொள்ளை என்ற பொதுச் சொல்லை அதிகம் எழுதவில்லை. 'ஸ்டிக்கிங் அப்', 'ஸ்டக் அப்' என்பவைதான் வழிமறிப்புக்கான அன்றைய சொற்கள். 'பெயில் அப்' என்பது கொள்ளையர் போட்ட கூச்சல். பால் கறக்கும்போது மாட்டின் தலையை அசையாமல் பிடித்து நிறுத்தும் சட்டத்திலிருந்து வந்தது. காவலரை 'டிராப்' என்றார்கள். பெரிய குற்றம் நடந்தால் தலைப்பில் 'அவுட்ரேஜ்' என்று வரும். இந்தச் சொற்களை ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தேடினால், நாயகனின் பெயரே தெரியாத ஆரம்ப நாள் செய்திகளும் கிடைக்கும். அவைதான் எழுத்தாளருக்கு விலைமதிப்பற்றவை. 'அடையாளம் தெரியாத நால்வர்' என்று தொடங்கிய செய்தி எத்தனை நாளில் ஒரு பெயராகவும், பிறகு ஒரு புராணமாகவும் மாறியது என்பதை நாள்வாரியாகப் பின்தொடரலாம்.

புஷ்ரேஞ்சர் என்ற சொல்லே 1805 பிப்ரவரி சிட்னி கெஜட்டில் அச்சில் காணப்படுகிறது. நடுவில் சிறுகோடு போட்டும், போடாமலும், இரண்டு சொல்லாகப் பிரித்தும் எழுதியிருக்கிறார்கள். மூன்று வடிவத்திலும் தேடவேண்டும். 1803க்கு முந்தியவர்களுக்கு ட்ரோவில் சமகாலச் செய்தி இருக்க வழியில்லை. முதல் புஷ்ரேஞ்சர் என்று சொல்லப்படும் ஜான் சீசர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 1788இல் முதல் கப்பல் தொகுதியில் கைதியாக வந்திறங்கியவர். 1796இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அந்தக் குடியேற்றத்தில் செய்தித்தாளே கிடையாது. அவரைப் பற்றி நாளிதழ் பாணியில் 'அன்றைய செய்தி' ஒன்றைப் பிள்ளைகளுக்காக எழுத நினைப்பவர் இதைக் கவனிக்கவேண்டும்.

அடுத்த சிக்கல் எழுத்துணரி. பழைய அச்சைப் படமெடுத்துக் கணினியே எழுத்தாக மாற்றியிருப்பதால், மங்கிய பக்கங்களில் 'கெல்லி' என்பது 'கெல்வி'போல ஏதோ ஒன்றாகிவிடும். எண்கள் இன்னும் மோசம்: 3ஐ 8ஆகவும், 1ஐ எழுத்தாகவும் படித்துவிடும். இடப்பக்கம் வரும் எழுத்துப் பிரதியிலிருந்து எந்த எண்ணையும் அப்படியே எடுக்காதீர்கள். வலப்பக்கம் இருக்கும் மூலப் படத்தைப் பெரிதாக்கிச் சரிபாருங்கள். பரிசுத்தொகை, துப்பாக்கிகளின் எண்ணிக்கை, வயது ஆகிய மூன்றிலும்தான் பிழைகள் அதிகம் நுழைகின்றன. கெல்லி கும்பலின் தலைக்கு விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் அரசுகள் சேர்ந்து வைத்த விலை 8,000 பவுண்டு. ஒரு சுழியத்தை எழுத்துணரி விழுங்கினால் கதையின் எடையே மாறிவிடும்.

தந்தி வழியாக வந்த ஒரே செய்தியை நாற்பது ஊர்ப் பத்திரிகைகள் வரி பிசகாமல் மறுபதிப்புச் செய்திருக்கும். நாற்பது முடிவுகளைக் கண்டதும் நாற்பது சாட்சிகள் கிடைத்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஒரே சாட்சிதான். மூலம் எது என்று கண்டுபிடிக்க, முடிவுகளைப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, சம்பவ இடத்துக்குப் பக்கத்து ஊர்ப் பத்திரிகையைத் தேடுங்கள். கெல்லி வட்டாரத்துக்கு பீச்வொர்த் ஊரின் ஓவன்ஸ் அண்ட் மரே அட்வர்டைசர். பென் ஹாலுக்கு பாதர்ஸ்ட், கோல்பர்ன் பத்திரிகைகள். மெல்பர்னின் ஆர்கஸ் பத்திரிகையை அதற்குப் பிறகு பாருங்கள்.

சாட்சியின் தரம் சம்பவத்துக்குச் சம்பவம் மாறுவதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். 1878 அக்டோபர் 26 அன்று ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையில் சார்ஜன்ட் கென்னடி, காவலர்கள் லோனிகன், ஸ்கேன்லன் ஆகிய மூவரும் கெல்லி கும்பலால் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிழைத்தவர் மெக்கின்டயர் என்ற காவலர் ஒருவர்தான். அந்த வாரம் பத்திரிகைகளில் வந்த முக்கிய விவரங்கள் அவர் வாயிலிருந்து வந்தவை. கெல்லியின் தரப்பு எங்கே? அது ஜெரில்டரி கடிதத்தில் இருக்கிறது. 1879 பிப்ரவரியில் ஜெரில்டரி ஊரைக் கைப்பற்றியபோது கெல்லி அச்சிடச் சொல்லிக் கொடுத்த, சுமார் 8,000 சொற்கள் கொண்ட கடிதம் அது. கும்பலைச் சேர்ந்த ஜோ பர்ன் கையால் எழுதியது. 1930 வரை அது முழுமையாக அச்சேறவே இல்லை. ஆகவே 1878 முதல் 1880 வரை ட்ரோவில் எவ்வளவு தோண்டினாலும் கெல்லியின் குரல் சுருக்கமாகவும் பிறர் வாய்மொழியாகவும்தான் வரும். கடிதத்தின் மூலப்பிரதி விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது. அதன் தளத்தில் பக்கங்களையும் எழுத்துப் பெயர்ப்பையும் இலவசமாகப் படிக்கலாம். ட்ரோவை ஒரு திரையிலும் இந்தக் கடிதத்தை மறு திரையிலும் வைத்துக்கொண்டு எழுதுவதே நியாயம்.

கிளென்ரோவன் கதை இதற்கு நேர்மாறு. மெல்பர்னிலிருந்து புறப்பட்ட தனி ரயிலிலேயே செய்தியாளர்களும் வந்தார்கள். ஓவியர் தாமஸ் கேரிங்டன் அவர்களில் ஒருவர். முற்றுகையை நேரில் பார்த்து அவர் வரைந்தவை ஆஸ்திரலேசியன் ஸ்கெட்சர் இதழில் வந்தன. அந்த இதழும் ட்ரோவில் இருக்கிறது. கவசத்தோடு கெல்லி காலை மூட்டத்தில் நடந்து வந்த காட்சியை எழுத வேறு எந்தப் பிற்காலப் படத்தையும் நாடவேண்டியதில்லை. முழுப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக இறக்குங்கள். கட்டுரையை மட்டும் படக்கோப்பாக இறக்கினால் நீளமான பத்தி துண்டு துண்டாக வரும். பிறகு அவற்றை ஒட்டவைக்கும் வேலை வேறு.

கெல்லி கடைசியாக என்ன சொன்னார் என்பதையும் இங்கே சோதித்துப் பார்க்கவேண்டும். 1880 நவம்பர் 11 அன்று பழைய மெல்பர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது, 'வாழ்க்கை இவ்வளவுதான்' என்று பொருள்படும் சொற்களைச் சொன்னதாகச் சில பத்திரிகைகள் எழுதின. 'சரி, இந்த நிலைக்கு வந்துவிட்டது போலும்' என்ற பொருளில் சொன்னதாகவும் அச்சாகியிருக்கிறது. மறுநாள் 12ஆம் தேதி இதழ்களை வரிசையாகத் திறந்தால் வேறுபாடு கண்ணுக்கு நேரே தெரியும். பெரியவர்களுக்கான கட்டுரையில் இரண்டையும் தரவேண்டும். பிள்ளைகளுக்கான கதையில் இந்த வேறுபாட்டையே ஒரு விளையாட்டாக்கலாம்: 'இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்று கேட்டார்கள், ஏன் வேறு வேறாக எழுதினார்கள்?' தொடக்கநிலை 5, 6 மாணவர்கள் இதை மிக நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள்.

தமிழில் எழுதும்போது சொல் தேர்வில் பல எழுத்துகள் தடுக்கி விழுகின்றன. 'புஷ்' என்பதைப் புதர் என்று பெயர்த்துப் 'புதர்க் கொள்ளையர்' என்று எழுதுவது பிழை. ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல் ஊருக்கு வெளியே கிடக்கும் பரந்த காட்டுப்புறத்தைக் குறிக்கும். புதருக்குள் ஒளிந்திருந்தவர் என்ற பொருள் இல்லை. புஷ்ரேஞ்சர் என்றே வைத்துக்கொண்டு முதல் முறை 'காட்டுப்புற வழிப்பறிக்காரர்' என்று விளக்கினால் போதும். பெரியவர்களுக்கு எழுதும்போது நம் பாலைத் திணையின் ஆறலை கள்வரை நினைவூட்டலாம். வழிச்செல்வோரை மறித்துப் பறிப்பவர்கள் என்ற அளவில் பொருத்தம் அபாரம். ஆனால் அங்கேயே நிறுத்தவேண்டும். புஷ்ரேஞ்சர்களின் பின்னால் தண்டனைக் குடியேற்றமும், தங்கச் சுரங்க அலையும், நிலச்சண்டையும் இருந்தன. அது வேறு உலகம்.

'ஸ்டேஷன்' என்று வந்தால் காவல் நிலையமோ ரயில் நிலையமோ என்று தயங்கவேண்டாம். பெரும்பாலும் அது ஆடு மாடு மேயும் பெரும் பண்ணை. 'ஸ்குவாட்டர்' என்பவரை அகராதி பார்த்து 'ஆக்கிரமிப்பாளர்' என்று எழுதினால் ஏழைக் குடிசைவாசிபோல ஆகிவிடுவார். உண்மையில் அவர் பெருநிலம் வைத்திருந்த செல்வர். 'செலக்டர்' தான் சின்ன விவசாயி. கெல்லி குடும்பம் இரண்டாவது வகை. இந்த இரு சொற்களையும் மாற்றிப் போட்டால் சண்டை எதற்கு என்பதே தலைகீழாகிவிடும்.

நாடு கடத்தல் தண்டனையைச் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு விளக்குவது கடினமில்லை. கெல்லியின் தகப்பனார் அயர்லாந்தில் இரண்டு பன்றிகளைத் திருடியதற்காக இன்றைய டாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர். நம் தீவிலும் 1825 முதல் 1873 வரை இந்தியத் தண்டனைக் கைதிகள் இருந்தார்கள்; மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. பழைய தமிழில் இதைத் 'தீவாந்தர சிட்சை' என்றார்கள். சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வரும் பிள்ளைக்கு அந்த வெள்ளைத் தேவாலயத்தைக் காட்டி இதைச் சொன்னால் ஒரே நிமிடத்தில் புரியும். அளவுகளுக்கும் இப்படித்தான். கெல்லியின் கவசம் 97 பவுண்டு, அதாவது 44 கிலோ. பேரங்காடியில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பை ஒன்பதைத் தோளிலும் தலையிலும் சுமப்பதுபோல. மெல்பர்னிலிருந்து கிளென்ரோவன் சுமார் 230 கிலோமீட்டர். இங்கிருந்து மலாக்கா போகும் தூரம்.

பாலர் முரசு படிக்கும் வயதுப் பிள்ளைக்கு எழுதும்போது எதை எடுப்பது? கிளென்ரோவனில் தொடங்க நல்ல ஆள் கெல்லி இல்லை. பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோ. கெல்லி கும்பல் தண்டவாளத்தைப் பெயர்த்து வைத்துவிட்டு, காவலர்கள் வரும் ரயில் கவிழக் காத்திருந்தது. பிணைக்கைதிகளில் ஒருவரான கர்னோ, கெல்லியிடம் நல்லவிதமாகப் பேசி வீட்டுக்குப் போக அனுமதி வாங்கினார். பிறகு இருட்டில் தண்டவாளத்தருகே போய், சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்து, ரயிலுக்கு முன்னால் வந்த இன்ஜினை நிறுத்தினார். ட்ரோவில் அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் 1880 ஜூன், ஜூலைக்குள் தேடினால் விவரம் நிறையக் கிடைக்கும். சிறுவர் கதைக்கு 700 சொல் போதும், வாக்கியத்துக்கு எட்டு முதல் பத்துச் சொல். இப்படி: 'கர்னோவுக்குக் கால் சரியாக நடக்க வராது. ஆனாலும் அவர் விரைந்தார். தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. கையிலிருந்த தீக்குச்சி நடுங்கியது.' கடைசி வாக்கியம் கற்பனை. அது கதையில் இருக்கலாம். ஆனால் நூலின் பின்பக்கத்தில் எது கற்பனை என்று பிள்ளைக்குச் சொல்லிவிடவேண்டும்.

தூக்குமேடையை விவரிக்காமல் விடலாம். ஆனால் கொல்லப்பட்ட காவலர் மூவரின் பெயரை விடக்கூடாது. கென்னடிக்கும் லோனிகனுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். கிளென்ரோவன் விடுதிக்குள் இருந்த பிணைக்கைதிகளில் ஜான் ஜோன்ஸ் என்ற சிறுவன் காவலர்களின் குண்டுக்கு இரையானதையும் மறைக்கக்கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தால், பதினைந்து வயதில் மறுபக்கத்தைத் தானே படிக்கும்போது நம்மை நம்பாது. கொள்ளையரை மட்டும் நாயகராகக் காட்டுவது பற்றிய கவலை புதிதும் அல்ல: 1912இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு புஷ்ரேஞ்சர் திரைப்படங்களையே தடை செய்தது.

ட்ரோவின் பக்கங்களைப் பிள்ளையிடம் அப்படியே கொடுக்கவேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சீனர்களையும் பழங்குடியினரையும் அந்தப் பத்திரிகைகள் இழிவான சொற்களால் எழுதின. கெல்லி முதன்முதலாக 14 வயதில் கைதானது ஆ ஃபூக் என்ற சீன வணிகரைத் தாக்கிப் பறித்ததாக எழுந்த புகாரில்தான்; அந்த வழக்கு தள்ளுபடியானது. 1865இல் பாதர்ஸ்ட்டில் தூக்கிலிடப்பட்ட சாம் பூ, சீன புஷ்ரேஞ்சர். நம் ஊர் வகுப்பறையில் இந்த இருவரும் கட்டாயம் இடம்பெற வேண்டியவர்கள். ஆனால் அச்செய்திகளைப் பெரியவர் முதலில் படித்து, சொல்லை மாற்றி, சங்கதியை மட்டும் தரவேண்டும்.

காலடித் தடம் பார்த்து ஆளைத் தேடித் தந்த பழங்குடியினரின் நிலை இன்னும் கடினம். கெல்லியைத் தேடக் குயின்ஸ்லாந்திலிருந்து பழங்குடிக் காவலர்களை அழைத்து வந்தார்கள். பென் ஹாலைப் பின்தொடர்ந்தவர்களில் பில்லி டார்கின் ஒருவர். பத்திரிகைகள் இவர்களைப் பற்றிப் பேசும். இவர்கள் பேசியதை அரிதாகவே அச்சிட்டன. தண்டர்போல்ட்டின் துணைவியான மேரி ஆன் பக் என்ற பழங்குடிப் பெண்ணைப் பற்றிய செய்திகளையும் அப்படித்தான் சல்லடை போட்டுப் படிக்கவேண்டும். இது ட்ரோவின் குறையல்ல, அந்தக் கால அச்சின் குறை; ஆயினும் எழுதுபவர் அதை ஈடுகட்டியாக வேண்டும்.

செய்தியோடு கற்பனைத் தொடர்களும் தேடலில் கலந்து வரும். 1880களில் வாரப் பத்திரிகைகள் புஷ்ரேஞ்சர் நாவல்களைத் தொடராக வெளியிட்டன. கட்டுரை வகை என்ற வடிகட்டியில் இலக்கியத்தை ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் விலகும். சொல் எண்ணிக்கை வடிகட்டியில் ஆயிரத்துக்கு மேல் என்று வைத்தால் நீதிமன்ற விசாரணைகளின் முழு அறிக்கை கிடைக்கும். உரையாடல் எழுத அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கைப்பேசியில் இதையெல்லாம் செய்யலாம் என்றாலும் படமும் எழுத்தும் அருகருகே தெரியாது. கணினித் திரை வேண்டும். இலவசக் கணக்கு தொடங்கிக்கொண்டால் கட்டுரைகளைப் பட்டியலாகச் சேர்த்து வைக்கலாம். நூல் ஒன்றுக்கு மூன்று பட்டியல் போதும்: நேரில் கண்டவர் சொன்னது, மறுபதிப்பு, பிற்கால நினைவு. மேற்கோள் பொத்தானை அழுத்தினால் மாறாத இணைப்பு கிடைக்கும். உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுப்பதைவிட அது பாதுகாப்பானது. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1845 முதல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குத் தந்திக்கம்பி எட்டிய 1872க்கு முன்னும் பின்னும் அங்கே தேடி, செய்தி கப்பலில் வந்ததா கம்பியில் வந்ததா என்று ஒப்பிடுவது உயர்நிலை மாணவர்களுக்கு நல்ல பணி.

2022இன் இறுதியில் ட்ரோவின் எதிர்காலமே கேள்விக்குறியானது. நிதி 2023 நடுப்பகுதி வரைக்கும்தான் இருந்தது. 2023 ஏப்ரலில் ஆஸ்திரேலிய அரசு நான்காண்டுக்கு 33 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி ஒதுக்கி அதைக் காப்பாற்றியது. பயன்படுத்தும் நாமும் திருப்பிச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. எழுத்துணரி கெடுத்த வரியைக் கண்டால் இடப்பக்கத்தில் அந்த வரியைத் திருத்திச் சேமியுங்கள். மூலத்தில் உள்ள பழைய எழுத்துக்கூட்டலை இன்றைய வழக்குக்கு மாற்றாமல், அச்சில் இருப்பதை இருப்பதுபோலவே அடியுங்கள். வரி ஒன்றுக்கு அரை நிமிடம் ஆகும். அந்த நிமிடம் முதல், 'கெல்வி'யாகத் தொலைந்து கிடந்த கெல்லி அடுத்து தேடுபவரின் கண்ணில் படுவார்.